சேறு போன பிறகு வந்த ஜீப்

ஆவடி செக்போஸ்ட்டிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. வரை, காலை எட்டரை மணி நெரிசலில் இப்போதெல்லாம் ஜீப் கண்ணில் படாத நாள் கிடையாது. உருண்டை ஹெட்லைட், முகப்பில் நெட்டுக்குத்தாகக் கோடுகள், பின்கதவில் மாட்டிய ஸ்டெப்னி. மஹிந்திரா தார். ஓட்டுகிறவர்களில் தாசில்தாரும் இல்லை, பி.டி.ஓ.வும் இல்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சி.என்.சி. பட்டறை வைத்திருப்பவர், திருமுல்லைவாயலில் கிளினிக் போட்டிருக்கும் பல் டாக்டர், லேப்டாப் பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு வேலைக்குப் போகும் பையன். என் அண்ணன் மகனும் அந்த வரிசையில் சேரப் போகிறேன் என்கிறான். ஆவடியில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, தினம் போய்வர ஒரு வண்டி வேண்டும். அது தாராக இருக்க வேண்டும்.

"அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்பா ஒத்துக்குவார்."

சொல்லலாம்தான். ஆனால் இந்த ஊரில் ஜீப் என்றால் எனக்கு ஞாபகம் வருவது வேறு. அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பதில் சொல்ல மனம் வரவில்லை.

என் அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. கிட்டத்தட்ட 39 டன் எடை. பள்ளம், மணல், சேறு எல்லாவற்றிலும் ஏறி இறங்கும். அதற்குப் பிறகு டி-72 வந்தது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்ததும் ஆவடியில் இருக்கும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ.தான். சோதனை ஓட்டத்துக்கு டாங்கி கிளம்பினால் தொலைவில் இருக்கும் வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்கும். சின்ன வயதில் எங்களுக்கு அது ரயில் சத்தம் மாதிரி பழகிப்போன ஒன்று.

அந்த டாங்கிகளைப் பூட்டி முடுக்கிவிட்டு அப்பா சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்கு வருவார். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் செய்த ஹெர்குலிஸ். ஐப்பசி பிறந்துவிட்டால் மெயின் ரோட்டைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் அதை ஓட்ட முடியாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் களிமண் அப்பிக்கொண்டு சக்கரம் இறுகிவிடும். வேலியோரமாக ஒரு குச்சியை ஒடித்து மண்ணை நோண்டித் தள்ளுவார். பத்தடி உருட்டுவார். மறுபடியும் அடைத்துக்கொள்ளும். கடைசியில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்து வருவார். எந்த நிலத்திலும் நிற்காத வண்டியைச் செய்கிற ஊர்; செய்தவர்கள் வீட்டுக்குப் போக வழி இல்லை. அப்பா இதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் ஆறவில்லை.

ஊரில் ஜீப் இல்லாமல் இல்லை. பூந்தமல்லி யூனியன் ஆபீஸ் ஜீப் இருந்தது. எலெக்ஷன் வந்தால் மைக் கட்டிய கட்சி ஜீப். புதுப்படம் மாறினால் நோட்டீஸ் வீசிக்கொண்டு போகும் டாக்கீஸ் ஜீப், பின்னாலேயே ஓடுவோம். ராணுவத்தின் ஜோங்கா, நிசான் வடிவமைப்பில் ஜபல்பூரில் செய்தது, எப்போதாவது சி.டி.எச். ரோட்டில் போகும். இவை எல்லாமே யாரோ ஒரு அதிகாரத்துக்குச் சொந்தமானவை. ஸ்கூட்டருக்கே பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. சொந்த ஜீப் என்ற நினைப்பே எங்கள் தெருவில் யாருக்கும் வந்திருக்காது.

1985 நவம்பர் மழை சென்னையை முக்கி எடுத்தது. அந்த மழையில் ஒரு ராத்திரி பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆட்டோ மெயின் ரோட்டோடு நின்றுகொண்டது. உள்ளே வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று டிரைவர் சொன்னது நியாயம்தான். யாரோ ஓடிப்போய் அரசாங்க ஜீப் ஒன்றை டிரைவரோடு அழைத்து வந்தார்கள். நான் வாசலில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, கிழிந்த ரெக்ஸின், நனைந்த கித்தான் கூரையின் வாசனை. நடுவில் பலகை போட்டு அக்காவைப் படுக்க வைத்தார்கள். டிரைவர், கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு குட்டைக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். என்ஜின் சத்தம் உடனே மாறியது. பாதிச் சக்கரம் சேற்றுக்குள் இருக்க, நடக்கிற வேகத்தில், எங்கும் நிற்காமல், வண்டி தெருவைத் தாண்டிவிட்டது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் பெண் குழந்தை.

அந்தக் குட்டைக் கம்பிகளைத்தான் நான் ஜீப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, முன்சக்கரங்களுக்கும் இழுவையைக் கொடுப்பது. இன்னொன்று, வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுவது. வில்லிஸ் ஜீப்பை 1947 முதல் மும்பையில் பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திரா, அந்தக் குடும்பத்தின் வழியாகவே 2010-ல் தார் என்ற பெயரில் ஒரு வண்டியை விட்டது. இப்போது சாலையில் ஓடும் புதிய தார் 2020 அக்டோபர் 2-ல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியதும் நம் பக்கத்தில்தான், செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா சிட்டியில் இருக்கும் ரிசர்ச் வேலியில். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் போய்க் காயில் ஸ்பிரிங் வந்தது, ஆட்டோமேட்டிக் கியர் வந்தது, கித்தானுக்குப் பதில் கெட்டிக் கூரையும் கிடைத்தது. தினசரி ஓட்டுகிற வண்டி என்ற பேச்சு அப்புறம்தான் கிளம்பியது.

2023 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. பின்சக்கரங்களுக்கு மட்டும் இழுவை கொடுக்கும் தாரைக் கொண்டுவந்தார்கள், 1.5 லிட்டர் டீசல், 10 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே தொடக்க விலை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியதும் இடைவெளி இன்னும் கூடியது. நாலு மீட்டருக்குள் நீளம், 1500 சி.சி.க்குள் டீசல் என்றால் 18 சதவீத வரி. 2.2 லிட்டர் டீசல், 2 லிட்டர் பெட்ரோல் என்று போனால் 40 சதவீதம். நாலு சக்கர இழுவை வேண்டுமென்றால் அந்தப் பெரிய என்ஜின்கள்தான். மருமகன் கையிலிருக்கும் பணம் எதற்குப் போதும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா சைக்கிளைத் தோளில் தூக்கிய தெருவில் இப்போது சேறு கிடையாது, கான்கிரீட் போட்டாயிற்று. அங்கே வந்து நிற்கப்போகும் ஜீப்பில் அந்தக் குட்டைக் கம்பியும் கிடையாது.

இதை வைத்து அவனைத் தடுக்க முடியாது, தடுப்பதும் சரியில்லை. நாலு சக்கர இழுவை உள்ள தாரை வாங்கினாலும் காய்ந்த சாலையில் அதைப் போட்டு ஓட்டக்கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கிற அமைப்பு அது. வளைவில் முன்சக்கரம் ஒரு தூரம், பின்சக்கரம் ஒரு தூரம் ஓட வேண்டியிருக்கும்போது நடுவில் விட்டுக்கொடுக்க ஏதும் இல்லாமல் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். ஆக, ராக்கி தியேட்டரையும் டன்லப் ஸ்டாப்பையும் தாண்டி எஸ்டேட்டுக்குப் போகும் வழியில் இரண்டு தாரும் ஒன்றுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வண்டியில் இவனோடு யார் ஏறப்போகிறார்கள்? அது நிற்கப்போகும் தெருவில் யார் நடக்கிறார்கள்?

ஏறப்போவது என் அம்மா. எண்பதை நெருங்குகிறாள், இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. மாதம் தவறாமல் ஆஸ்பத்திரி. ஷோரூமுக்கு அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனோம்.

மூன்று கதவு தாரில் பின்சீட்டுக்குத் தனிக் கதவு இல்லை. முன்னால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டைச் சாய்த்துத் தள்ளிவிட்டு, அந்தச் சந்து வழியாக உள்ளே போக வேண்டும். அம்மா கொசுவத்தை இடது கையில் சேர்த்துப் பிடித்தாள். வலது கையால் கதவுச் சட்டத்தைப் பற்றினாள். ஒரு காலைப் பலகையில் வைத்தாள். அடுத்த காலை உள்ளே கொண்டுபோக முட்டியை மார்பு வரை மடக்க வேண்டும். பாதி மடங்கியதும் முகம் சுருங்கியது. "இல்லடா கண்ணா, இது என்னால ஆவாது" என்றாள். பேரன் அவளைத் தாங்கி இறக்கினான். முன்சீட்டில் உட்காரவைத்தபோது பரவாயில்லை. டேஷ்போர்டில் ஒரு பிடி இருக்கிறது, அதைப் பிடித்து ஏறிவிட்டாள். அங்கே உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டாள். ஆனால் அம்மாவோடு என் அண்ணியும் வர வேண்டும், சில நாள் நானும். பின்னால் இரண்டே பேர்தான். பின் ஜன்னல் கண்ணாடி இறங்காது. 2020-ல் வந்த வண்டிக்குப் பின்சீட்டில் ஏசி காற்று வரும் துளையே இல்லை. 2025 அக்டோபரில் வந்த மாற்றங்களோடுதான் அதைச் சேர்த்தார்கள். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் சித்திரை வெயிலில் நின்றவர்களுக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்று தெரியும்.

அப்படியானால் ஐந்து கதவு உள்ள தார் ராக்ஸ் என்றான். 2024 ஆகஸ்ட் 15-ல் வந்தது அது. நல்ல வண்டி, பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, பின்சீட்டில் மூன்று பேர் சௌகரியமாக உட்காரலாம். நான் டேப்பை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் போர்டிகோவை அளந்தேன். சுவரிலிருந்து கேட் வரை 14 அடி. ராக்ஸ் 4428 மி.மீ., அதாவது பதினான்கரை அடி. கேட் மூடாது. மூன்று கதவு தார் 3985 மி.மீ., 13 அடி. உள்ளே நிற்கும், ஆனால் மீதி இருக்கும் ஓரடியில் பக்கவாட்டில் திறக்கும் பின்கதவைத் திறக்க முடியாது. காய்கறிப் பையை எடுக்கக்கூட வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் அற்பம் என்று நினைப்பவர்கள், தினமும் ஒரு வண்டியை இருட்டில் பின்னால் எடுத்து இருபதடித் தெருவில் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் பைக், ஒரு பக்கம் மழைநீர் வடிகாலின் ஸ்லாப், நடுவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். உயரமான பானெட்டுக்கு நேர் முன்னால் ஒரு எல்.கே.ஜி. குழந்தை நின்றால் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. ஆறடி அகல வண்டியை இந்தத் தெருவில் ஓட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓட்டுகிறவன் ஒவ்வொரு முறையும் இறங்கி முன்னால் பார்த்துவிட்டு ஏற வேண்டும் என்கிறேன். இருபத்தாறு வயதில் அந்தப் பொறுமை எத்தனை நாள் இருக்கும்?

அவனுடைய பலமான வாதம் தண்ணீர். "அத்தை, 650 மில்லிமீட்டர் தண்ணில போகும். மழைக்கு இதைவிட என்ன வேணும்?"

நியாயமான கேள்விதான். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த பிள்ளை. மிக்ஜாமில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து சிறுதொழில் பட்டறைகளின் மெஷின்கள் முழுகிக் கிடந்தன. இந்தப் பக்கத்துத் தண்ணீர் ஏரிக்கு ஏரி தொட்டுக்கொண்டு போவது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு. நடுவில் கால்வாய் இருந்த இடமெல்லாம் வீடு. அதனால் தண்ணீர் தெருவில்தான் நடக்கும்.

650 மி.மீ. என்பது இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். அது நிற்கிற தண்ணீருக்கு, அடியில் கெட்டித் தரை இருக்கிற இடத்துக்குச் சொன்ன கணக்கு. மழை நாளில் எங்கள் பக்கம் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாதாள சாக்கடைக்குத் தோண்டி மூடாத பள்ளம் இருக்கலாம், மூடி கழன்ற மேன்ஹோல் இருக்கலாம். ஓடுகிற தண்ணீர் என்றால் கணக்கே வேறு. எந்த ஜீப்பையும் ஓரமாகத் தள்ளிவிடும். தண்ணீர் காற்றோடு சேர்ந்து என்ஜினுக்குள் போனால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதற்கென்று தனியாக என்ஜின் ப்ரொடெக்ட் சேர்க்காத சாதாரண இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது.

இவை வண்டிக்காரன் கவலை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, எங்கள் தெருவில் பழைய வீடுகளெல்லாம் ரோட்டைவிடத் தாழ்ந்துவிட்டன. மழை நாளில் வாசல்படி மட்டம் வரை தண்ணீர் வந்து, இனி ஏறாது என்று நின்றிருக்கும். அப்போது ஒரு உயரமான வண்டி, நமக்குத்தான் ஒன்றும் ஆகாதே என்று வேகமாகப் போகும். அது தள்ளிவிடும் அலை இரண்டு பக்கமும் படி தாண்டி வீட்டுக்குள் போகும். மிக்ஜாம் அன்று எதிர் வீட்டுப் பாட்டி பழைய புடவைகளைச் சுருட்டி நிலைப்படியில் அணை கட்டி வைத்திருந்தார். ஒரே ஒரு வண்டி போனது. சுருட்டிய புடவைகள் சமையலறை வாசலில் போய்க் கிடந்தன, பாட்டி அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைக்கப் போராடிக்கொண்டிருந்தார். 1985-ல் நடக்கிற வேகத்தில் போன அந்த டிரைவருக்குத் தெரிந்திருந்தது இது.

டீசலைப் பற்றியும் அவனிடம் சொன்னேன். பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரித்துத் தள்ள என்ஜின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஆவடியிலிருந்து எஸ்டேட்டுக்கு முதல் கியர், இரண்டாம் கியர் என்று ஊர்ந்துகொண்டே போனால் அது அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும். நெமிலிச்சேரியில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி வண்டலூர் வரை அவ்வப்போது ஓட்டிவிட்டு வந்தால் சரியாகும். வடிகட்டியைச் சுத்தம் செய்யவே டீசல் எரிக்க வேண்டும். பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை நெரிசலில் ஓட்டினால் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர்கூடக் கிடைப்பதில்லை என்று ஓட்டுபவர்களே சொல்கிறார்கள்.

போடி, கம்பம் பக்கம் விடியற்காலையில் நின்றால் தெரியும், ஜீப்பை தினசரி வண்டியாக வைத்திருப்பவர்கள் யார் என்று. ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலை ஏறும் ஜீப்புகள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு, பாறையும் குழியுமான வழியில் ஏறும் பழைய மஹிந்திராக்கள். அந்த டிரைவர்களிடம் இது தினசரிக்குச் சரிவருமா என்று கேட்டால் கேள்வியே புரியாது. அந்த வழி அப்படி. எங்கள் ஊரும் ஒரு காலத்தில் மழை மாதங்களில் அப்படித்தான் இருந்தது, அப்போது ஜீப் எங்களுக்கு வரவில்லை. வந்திருந்தால் எத்தனை பிரசவம், எத்தனை பாம்புக்கடி, எத்தனை பேருடைய முதுகுவலி மாறியிருக்கும் என்று இன்றைக்கும் கணக்குப் போடுகிறேன்.

அதனால் அவன் ஆசையை வீண் ஜம்பம் என்று தள்ள எனக்கு மனமில்லை. எங்கள் தெருவே அன்று ராத்திரி பட்ட ஆசை அது, நாற்பது வருஷம் தாமதமாக அவனிடம் வந்திருக்கிறது. அவன் தனியாள் என்றால் தார் வாங்கிக்கொள் என்று சொல்லியிருப்பேன். பாட்டியோடு இருக்கிற வீட்டுக்கு மூன்று கதவு வேண்டாம், பதினான்கடிப் போர்டிகோவுக்கு ராக்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கோபித்துக்கொண்டு போனவன் இரண்டு நாள் கழித்து மாருதி ஜிம்னியின் அளவுகளை எழுதிக்கொண்டு வந்தான். 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு வண்டி. நீளம் அதே 3985 மி.மீ., ஆனால் அகலம் 1645 மட்டும். தாரைவிட ஏறக்குறைய ஏழு அங்குலம் குறைவு. பெட்ரோல் என்ஜின், டி.பி.எஃப். தொல்லை இல்லை. எல்லா மாடலிலும் நாலு சக்கர இழுவை, அந்தக் குட்டைக் கம்பியோடு. பெட்ரோலுக்கு 18 சதவீத வரியின் வரம்பு 1200 சி.சி., இதன் என்ஜின் அதற்கு மேல் என்பதால் 40 சதவீத வரி. நாலு பேர்தான் உட்காரலாம், பூட் சின்னது, இதற்கும் பின்கதவு பக்கவாட்டில்தான் திறக்கும், போர்டிகோவில் அதே ஓரடிதான் மிச்சம்.

"ஞாயித்துக்கிழமை டெஸ்ட் டிரைவ் அத்தை" என்றான். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், திங்கள் காலை எட்டரைக்கு செக்போஸ்ட்டிலிருந்து எஸ்டேட் வரை ஓட்டக் கொடுப்பார்களா என்று கேள் என்றேன். பாட்டி பின்சீட்டில், நானும் அவள் பக்கத்தில். கரையான்சாவடி, குமணன்சாவடி வழியாக மெட்ரோ வேலையில் குதறிப்போட்ட ரோட்டிலும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்க வேண்டும். ஷோரூமில் பேசிவிட்டு வந்து, காலை நேரம் கஷ்டம், ஆனால் கேட்டுப் பார்க்கிறோம் என்று சொன்னார்கள் என்றான். அம்மாவுக்கு இப்போதிருந்தே ஒரு சந்தேகம், முன்சீட்டில் உட்கார்ந்தால்தானே ரோடு தெரியும் என்று.